ஸ்பானிஷில் ‘நேற்று’ பேச: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, முதல் டிப்ஸ் இதுதான். ஸ்பானிஷ் இறந்தகாலப் பாடம் வந்ததும் ஆங்கிலத்தை எடுத்து ஓரமாக வை. ஆப்பில் படித்தாலும் ஆன்லைன் வகுப்பில் படித்தாலும் விளக்கம் ஆங்கிலத்தில்தான் வரும். ‘ஐ ஸ்போக், யூ ஸ்போக், ஹி ஸ்போக்’ என்று ஒரே சொல்லை எல்லாருக்கும் மாட்டிவிடுகிற மொழி அது. அந்த வழியாகப் போனால், ஆளுக்கு ஆள் மாறுகிற ஆறு விகுதிகளைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கும். தமிழிலிருந்து நேராகப் போ. பேசினேன், பேசினாய், பேசினான், பேசினோம், பேசினீர்கள், பேசினார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து நீ செய்துகொண்டிருக்கிற வேலைதான் இது.

நான் சென்னையில் மெக்சிகோ சப்ளையர்களின் பில் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். நம் ஊர் வடக்குத்துக்கு வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்ஜினீயரிங் முடித்தவர்கள், பி.காம். படிக்கிறவர்கள், ஆளுக்கொரு வெளிநாட்டு மொழி. ஸ்பானிஷ் எடுத்தவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். நிகழ்காலம் வரை சிரித்த முகத்தோடு போகிறார்கள். ‘பிரெதேரிதொ’ வந்ததும் மூஞ்சி சுருங்கிவிடுகிறது. நேற்று நடந்தது, போன வாரம் முடிந்தது, 1956-இல் தொடங்கியது என்று முடிந்துபோன காரியத்தைச் சொல்கிற காலம் அது. ஸ்பானிஷ் சொல்லித்தருகிற செர்வாந்தெஸ் நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் ஏ2 நிலையில் வருகிறது. அந்த நிறுவனத்துக்கு தில்லியில் கிளை இருக்கிறது. ‘டெலே’ என்கிற ஸ்பானிஷ் தேர்வு எழுத நினைத்தால் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்.

சரி, சொல்லுக்குள் போவோம். ஸ்பானிஷ் வினைச்சொல் அகராதியில் மூன்று விதமாக முடியும்: ஆர், ஏர், ஈர். பேசுவதற்கு அப்லார், சாப்பிடுவதற்கு கொமேர், வாழ்வதற்கு பிபீர். கடைசி ஒலியைக் கழற்றிவிட்டு இறந்தகால விகுதியைப் போட வேண்டும். மூன்று வகைக்கும் மூன்று பட்டியல் கிடையாது. இரண்டுதான். ஏரும் ஈரும் இந்தக் காலத்தில் ஒரே பட்டியலுக்குள் வந்துவிடும்.

அப்லார் இப்படிப் போகும்:

அப்லே – பேசினேன்
அப்லாஸ்தெ – பேசினாய்
அப்லோ – பேசினான், பேசினாள்
அப்லாமொஸ் – பேசினோம்
அப்லாஸ்தெய்ஸ் – பேசினீர்கள்
அப்லாரொன் – பேசினார்கள்

கொமேருக்கு: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன். பிபீருக்கு: பிபீ, பிபீஸ்தெ, பிபியோ, பிபீமொஸ், பிபீஸ்தெய்ஸ், பிபியேரொன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். தலை வேறு, வால் ஒன்று.

ஐந்தாவது வரியை, அதாவது ‘தெய்ஸ்’ என்று முடிவதை, இப்போதைக்குக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். ஸ்பெயினில்தான் அது புழங்குகிறது. மெக்சிகோ, கொலம்பியா, பெரு, அர்ஜென்டினா எங்கே போனாலும் ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்கு ஆறாவது வரிதான். உன் வேலை லத்தீன் அமெரிக்காவோடு என்றால் ஐந்து வரியில் காரியம் முடிந்தது.

நான் எழுதிக் காட்டிய முறையைக் கவனித்தாயா? ஒவ்வொரு சொல்லிலும் ஒரே ஒரு இடத்தில்தான் நெடில் வருகிறது. தற்செயலாக வந்தது இல்லை. என் டிப்ஸ்களில் எதை மறந்தாலும் இதை மறக்காதே. ஸ்பானிஷில் குரலை அழுத்துகிற இடம் மாறினால் ஆளும் காலமும் சேர்ந்து மாறிவிடும். ‘ஆப்லொ’ என்று முன்னால் அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’. ‘அப்லோ’ என்று பின்னால் அழுத்தினால் ‘அவன் பேசினான்’. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், கடைசி எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கூடுதல். அதே போல ‘ஆப்லெ’ என்றால் ‘பேசுங்கள்’ என்கிற மரியாதைக் கட்டளை. ‘அப்லே’ என்றால் ‘பேசினேன்’. மேலதிகாரியிடம் ‘நான் நேற்றே பேசினேன்’ என்று சொல்லப்போய் ‘பேசுங்கள்’ என்று ஏவிவிட்டு வராதே.

ஆங்கில எழுத்தில் நோட்ஸ் எடுக்கிறவர்கள் அந்தக் கோட்டை ஒரு அலங்காரம் போல நினைத்து விட்டுவிடுகிறார்கள். நீ தமிழ் எழுத்தில் நோட்ஸ் எடு. அழுத்தம் விழுகிற இடத்தில் நெடில், மற்ற இடத்தில் எல்லாம் குறில். எ, ஏ, ஒ, ஓ என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் வசதி நம் எழுத்தில் இருக்கிறது. இந்த வசதியை இன்றைய வடிவில் ஒழுங்குபடுத்தியவர் ஒரு இத்தாலியர் என்பதும் இங்கே பொருத்தமாகத்தான் இருக்கிறது: வீரமாமுனிவர். நம் விருத்தாசலம் பக்கம் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறதே, அதைக் கட்டிய அதே பெஸ்கி பாதிரியார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷ்காரர்கள் நம்மைப் போல நெடிலை இரண்டு மாத்திரைக்கு இழுப்பதில்லை, குரலைத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் பாதகமில்லை, அழுத்தம் சரியான இடத்தில் விழுந்துவிடும். இழுவை பிறகு தானாகக் குறையும்.

வாய் விட்டுச் சொல்லித்தான் இது வரும். முணுமுணுத்தால் அழுத்தம் காதில் விழாது. மொட்டை மாடிக்குப் போ, ஆப்லொ–அப்லோ, ஆப்லெ–அப்லே என்று சத்தமாகச் சொல். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இன்னொரு லாபம் உனக்கு இருக்கிறது. ஸ்பானிஷில் ‘நான்’, ‘நீ’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்ல வேண்டியதில்லை. ‘பேசினேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிறதல்லவா, ‘அப்லே’யும் அப்படியே. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் எல்லா வாக்கியத்தையும் ‘யோ, யோ’ என்று தொடங்குவார்கள். கேட்பவருக்கு, ‘நான்தான் சொன்னேன், நான்தான் வாங்கினேன்’ என்று சண்டைக்கு நிற்பது போல இருக்கும். நீ தமிழில் எங்கே ‘நான்’ போடுவாயோ அங்கே மட்டும் போடு.

மூன்றாம் ஆளில் ஒரு வித்தியாசம் உண்டு. நமக்குப் பேசினான், பேசினாள், பேசியது என்று பிரித்தாக வேண்டும். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ‘அப்லோ’தான். ‘உஸ்தேத்’ என்கிற மரியாதைக்குரிய ‘நீங்கள்’ கூட இதே விகுதியைத்தான் எடுக்கும். ஆபீஸ் மெயிலில் ‘என்பியோ’ என்று மட்டும் எழுதினால், ‘அவர் அனுப்பினாரா, நீங்கள் அனுப்பினீர்களா’ என்று குழம்பும். அங்கே மட்டும் ‘உஸ்தேத்’ சேர்த்து எழுது. பணம் சம்பந்தப்பட்ட மெயிலில் யார் அனுப்பினார் என்பது சின்ன விஷயமில்லை.

வெளிநாட்டவர் தமிழ் படிக்கும்போது என்ன பாடுபடுவார்கள் என்று யோசித்துப் பார், உன் பாடு லேசாகிவிடும். பேசினேன், படித்தேன், கேட்டேன், விற்றேன். இறந்தகால இடைநிலையே த், ட், ற், இன் என்று நான்கு வகை என்கிறது நன்னூல். எந்த வினைக்கு எது என்று அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். ஸ்பானிஷில் ஒழுங்கான வினைகளுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. அகராதியில் முடிவைப் பார்த்தால் பட்டியல் தெரிந்துவிடும். ஆனால் நம்மிடம் ஒரு நேர்த்தி இருக்கிறது: பேசு, இன், ஏன் என்று வினை வேறு, காலம் வேறு, ஆள் வேறு என்று கழற்றி வைக்கலாம். ‘அப்லே’யில் அந்தக் கடைசி ஏகாரத்துக்குள் காலமும் ஆளும் ஒன்றாக உருகிக் கிடக்கின்றன. பிரித்துத் தேடாதே. முழுசாக விழுங்கு.

இந்த ஒப்பிடும் வேலையை எதிர்த்திசையில் செய்தவர் ஒருவர் இருக்கிறார். போர்த்துகலிலிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக் அடிகளார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்கிற தமிழ் நூல் அவர் பெயரோடு சேர்ந்தது. அதற்கு முன்பே, 1549-ஐ ஒட்டி, தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். லத்தீன் பாடத்தில் தான் படித்த அதே கட்டங்களில் நம் வினைச்சொற்களைப் போட்டு, காலம் காலமாக, ஆள் ஆளாக அடுக்கிக் கற்றார். போர்த்துகீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி மொழிகள். அவர் அங்கிருந்து இங்கே நடந்த வழியில் நீ இங்கிருந்து அங்கே நடக்கிறாய், அவ்வளவுதான். அந்தப் போர்த்துகீசியர் காலத்து மேஜையும் அலமாரியும் இன்னும் நம் வீட்டில் இருக்கின்றன. ஸ்பானிஷிலும் மேஜை ‘மேச’, அலமாரி ‘அர்மாரியொ’.

அடுத்து, பொறிகள். மூன்று இடத்தில் கால் தடுக்கும்.

முதலாவது ‘நாங்கள்’. ‘அப்லாமொஸ்’ என்றால் பேசுகிறோம், பேசினோம் இரண்டும்தான். ‘பிபீமொஸ்’ கூட அப்படியே. ஏர் வகையில் மட்டும் வித்தியாசம் தெரியும்: கொமேமொஸ் சாப்பிடுகிறோம், கொமீமொஸ் சாப்பிட்டோம். ஆகவே ஆர், ஈர் வினைகளில் ‘நாங்கள்’ வந்தால் பக்கத்தில் ஒரு காலச்சொல்லை உட்கார வை. அயேர் (நேற்று), அனோச்செ (நேற்று ராத்திரி), ல செமான பசாத (போன வாரம்), எல் ஆஞொ பசாதொ (போன வருஷம்). ‘பகாமொஸ் ல ஃபக்தூர’ என்று மட்டும் எழுதினால், பில்லைக் கட்டிவிட்டீர்களா, கட்டப்போகிறீர்களா என்று எதிர்ப்பக்கம் ஃபோன் வரும். ‘ல செமான பசாத’ சேர்த்தால் ஃபோன் வராது.

இரண்டாவது ‘நீ’. நிகழ்காலத்தில் ‘நீ’ வந்தால் கடைசியில் ‘ஸ்’ ஒலிக்கும்: ஆப்லஸ். அந்தப் பழக்கத்தில் இறந்தகாலத்திலும் ‘அப்லாஸ்தெஸ்’ என்று இழுத்துவிடத் தோன்றும். தாய்மொழிக்காரர்களே பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் தேர்வில் அது தவறு. ‘அப்லாஸ்தெ’யோடு நிறுத்து.

மூன்றாவது எழுத்தில் மட்டும் வருகிற பொறி. பகார் (பணம் கட்டு), புஸ்கார் (தேடு), எம்பெஸார் (தொடங்கு) ஆகியவை காதுக்கு முழுக்க ஒழுங்கு: பகே, புஸ்கே, எம்பெஸே. தமிழில் எழுதினால் ஒரு சிக்கலும் தெரியாது. ஸ்பானிஷ் எழுத்தில்தான், அந்த ஒலியைக் காப்பாற்ற ‘நான்’ வடிவத்தில் மட்டும் எழுத்து மாறும். ‘ஜி’ இருந்த இடத்தில் ‘ஜி-யு’, ‘சி’ இருந்த இடத்தில் ‘க்யூ-யு’, ‘இசட்’ இருந்த இடத்தில் ‘சி’. மற்ற ஐந்து வடிவங்களில் பழையபடி. இதை விதியாகப் படிக்காதே. ஒலியை முதலில் வாயில் ஏற்றிவிட்டு, பிறகு இந்த மூன்று சொல்லையும் கையால் எழுதிப் பழகு. மற்றவை அந்தத் தடத்தில் வந்துவிடும்.

ஒரு ஆறுதல் செய்தி. நிகழ்காலத்தில் நடுவே உடைந்து உன்னைப் படுத்திய வினைகள் இருக்கிறதல்லவா, ‘பென்ஸார்’ போய் ‘பியேன்ஸொ’ ஆனது போல? ஆர், ஏர் வகையில் அவை இறந்தகாலத்தில் உடைவதில்லை. பென்ஸே, பென்ஸாஸ்தெ, பென்ஸோ. ‘பொல்பேர்’ (திரும்பி வா) கூட பொல்பீ, பொல்பீஸ்தெ என்று சமத்தாக நிற்கும். ஈர் வகையில் மட்டும் சில, மூன்றாம் ஆளில் முரண்டு பிடிக்கும். அதை அப்புறம் பார்க்கலாம்.

இப்போது, எந்த இறந்தகாலம் என்கிற கேள்வி. ஸ்பானிஷில் கடந்ததைச் சொல்ல இன்னொரு வடிவமும் உண்டு, ‘இம்பெர்ஃபேக்தொ’. எதை எங்கே போடுவது என்று ஆங்கில விளக்கம் பக்கம் பக்கமாகப் போகும். உனக்குத் தமிழே வழிகாட்டும், ஆனால் ஒரு இடத்தில் ஏமாற்றவும் செய்யும். கவனமாகக் கேள்.

‘நேற்று ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினேன்’ என்றால் முடிந்த காரியம், சுபீ. ‘ஏறிக்கொண்டிருந்தேன், அப்போது ஃபோன் வந்தது’ என்றால் நீண்டுகொண்டிருந்த காரியத்துக்கு இம்பெர்ஃபேக்தொ, திடீரென வந்த ஃபோனுக்குப் பிரெதேரிதொ. ‘கொண்டிருந்தேன்’ வந்தால் வேறு வடிவம் என்று வைத்துக்கொள். இதுவரை சுலபம். அடுத்ததைப் பார். ‘சின்ன வயசில் மே மாசம் ஆனால் முந்திரித் தோப்புக்குப் போவோம், கொட்டையைச் சுட்டுத் தின்போம்.’ போவோம், தின்போம் என்பவை பார்வைக்கு எதிர்காலம். சொல்வதோ கடந்தகாலப் பழக்கத்தை. நமக்கு இது இயல்பாக வருவதால் கவனிக்கவே மாட்டோம். ஸ்பானிஷுக்கு மாற்றும்போது எதிர்காலத்தையும் போடக்கூடாது, பிரெதேரிதொவையும் போடக்கூடாது; இம்பெர்ஃபேக்தொ போட வேண்டும். ‘அப்போதெல்லாம்’ என்று முன்னால் சேர்க்க முடிந்தால் இம்பெர்ஃபேக்தொ, ‘அன்றைக்கு’ என்று சேர்க்க முடிந்தால் பிரெதேரிதொ. இந்தச் சோதனை பெரும்பாலும் கைவிடாது.

(முந்திரி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. மெக்சிகோவில் முந்திரிக்கொட்டைக்கு ‘இந்தியாவின் கொட்டை’ என்று பேர். அது பிரேசிலிலிருந்து போர்த்துகீசியரோடு இங்கே வந்தது. பண்ருட்டிக்காரர்களிடம் இதைச் சொல்லிவிடாதே, அங்கே அது அவர்கள் சொத்து.)

ஸ்பெயினில் பெரும்பாலான இடங்களில் இன்று காலை நடந்ததைச் சொல்ல வேறொரு கூட்டு வடிவத்தைப் பயன்படுத்துவார்கள். லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் அதற்கும் பிரெதேரிதொதான். யாரோடு பேசுகிறாய் என்று பார்த்துக்கொள். இதற்கு மேல் இதில் மண்டையை உடைக்க வேண்டாம்.

எப்படிப் பழகுவது? பட்டியலைப் படித்துக்கொண்டே இருந்தால் பட்டியல்தான் வரும், பேச்சு வராது. ராத்திரி படுக்கும் முன் அன்றைக்குச் செய்ததை எழுது. எந்த வினையை எடுக்கிறாய் என்பதில்தான் சூட்சுமம். போனேன், செய்தேன், இருந்தேன், சொன்னேன் என்று தொடங்கினால் அத்தனையும் ஒழுங்கில்லாத வினைகள். அதில் மாட்டி மனசு விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்கான வினைகளால் மட்டுமே ஒரு முழு நாளைச் சொல்ல முடியும்: கொஸினே, சமைத்தேன். லபே, துவைத்தேன். கொம்ப்ரே, வாங்கினேன். எஸ்துதியே, படித்தேன். யமே, கூப்பிட்டேன். சலீ, வெளியே கிளம்பினேன். பொல்பீ, திரும்பி வந்தேன். ‘போனேன்’ என்பதைத் தவிர்த்து ‘கிளம்பினேன்’ என்று சுற்றி வளை. அப்பா நைட் ஷிஃப்ட் பார்த்தாரா? ‘பபா த்ரபஹோ அனோச்செ.’ அம்மா பலாப்பழம் வாங்கினாளா? கொம்ப்ரோ. அக்கா அதை முழுக்கத் தின்றாளா? கொமியோ.

அடுத்தபடியாக, வாழ்க்கைக் குறிப்புகளைப் படி. இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கிடையாது. ஸ்பானிஷில் பாப்லோ நெரூதாவைப் பற்றி எதை எடுத்தாலும் 1904-இல் ‘நஸியோ’ (பிறந்தார்), ‘எஸ்கிரிபியோ’ (எழுதினார்), 1971-இல் நோபலை ‘ரெஸிபியோ’ (பெற்றார்) என்று வரிசையாக வரும். எல்லாம் ஒழுங்கான வினைகள். படித்துவிட்டு நீயே ஒன்று எழுது. பாரதியை எடுத்துக்கொள்: 1882-இல் எட்டயபுரத்தில் நஸியோ, சுதேசமித்திரனில் த்ரபஹோ, புதுச்சேரியில் 1908 முதல் பத்து வருஷம் பிபியோ. கடைசியில் ‘இறந்தார்’ என்பதற்கு மட்டும் ‘முரியோ’, அது முரண்டு பிடிக்கிற ஈர் வகை. அதைத் தனியாக மனப்பாடம் செய்துகொள், எந்த வாழ்க்கைக் குறிப்பிலும் தேவைப்படும்.

பாரதி முடிந்ததும் ஊரை எழுது. நம் ஊருக்குச் சொல்லவா ஆளில்லை? 1956-இல் நெய்வேலி நிலக்கரிக் கம்பெனி எம்பெஸோ. சோவியத் யூனியன் அயுதோ, உதவியது. 1962-இல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரத்தை ஹெனெரோ. தமிழ்நாடு முழுக்க இருந்து தொழிலாளர்கள் யெகாரொன், வந்து சேர்ந்தார்கள். சுற்றுக் கிராமத்துக்காரர்கள் நிலத்தை பெர்தியேரொன், இழந்தார்கள். ஊரை தெஹாரொன், விட்டுப் போனார்கள். இந்தக் கடைசி இரண்டையும் எழுதாமல் விடாதே. கம்பெனி மலரில் முதல் நான்கும் இருக்கும். பின்னிரண்டை உன் பாட்டியிடம் கேள். அவர் சொல்லச் சொல்ல, எது ‘அன்றைக்கு’, எது ‘அப்போதெல்லாம்’ என்று பிரித்துக் குறித்துக்கொள். ‘அங்கே கம்பு போடுவோம்’ என்பார், அது இம்பெர்ஃபேக்தொ. ‘அந்த வருஷம் வீட்டைப் பிரித்தார்கள்’ என்பார், அது பிரெதேரிதொ.

மெயில் வேலைக்கு மூன்று வாக்கியம் போதும், தொடக்கத்துக்கு. ‘ரெஸிபீ ல ஃபக்தூர அயேர்’, பில் நேற்று கிடைத்தது. ‘பகே எல் லூனெஸ்’, திங்கட்கிழமை கட்டினேன். ‘என்பியோ உஸ்தேத் எல் தொகுமேந்தொ?’, ஆவணத்தை அனுப்பினீர்களா? பெயரையும் கிழமையையும் மாற்றி மாற்றிப் போட்டால் வாரம் முழுக்க ஓட்டலாம்.

இரண்டு பட்டியலும் யோசிக்காமல் வாயில் வருகிற வரை ஒழுங்கில்லாத வினைகள் பக்கம் போகாதே. வந்த பிறகு, ‘போ’, ‘இரு’ இரண்டிலிருந்து தொடங்கு. அவை இரண்டுக்கும் பிரெதேரிதொவில் வடிவம் ஒன்றேதான், ஃபுயீ, ஃபுயீஸ்தெ, ஃபுயே என்று. ஒன்றைப் படித்தால் இரண்டு கிடைக்கும். அதற்கு நோட்டில் புதுப் பக்கம் எடு.